சைடு கேட்டும் கொடுக்காதவர்களை என்ன செய்வது?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். அம்மா திருச்சியில் தனியாக இருப்பதால் மாதம் இரண்டு முறையாவது வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுவேன். நூறில் வைத்து, வலது டிராக்கிலேயே ஒரே சீராகப் போவது என் பழக்கம். ஆனால் போகவிட்டால்தானே! லாரிக்காரர்கள் வலது டிராக்கை விட்டு இறங்குவதே இல்லை. கார்க்காரர்களோ போன் பேசிக்கொண்டு எழுபதில் ஊர்கிறார்கள். ஹார்ன் அடித்தாலும் லைட் அடித்தாலும் சைடு கிடையாது. போன மாதம் உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு கார் பத்து நிமிஷம் வழிவிடவில்லை. இடதுபக்கமாக ஏறி, அவன் முன்னால் போய், புத்தி வரட்டும் என்று பிரேக்கை ஒரு மிதி மிதித்தேன். பின்சீட்டில் இருந்த மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். "ஸ்டியரிங்கைப் பிடிச்சா நீங்க வேற ஆளாயிடுறீங்க" என்கிறாள் மனைவி. அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. ஹைவேயில் நான் வண்டியைக் கொடுப்பதில்லை. தப்பு செய்கிறவர்கள் அவர்கள். கோபப்படுகிற நான் குற்றவாளியா? இவர்களை ஒதுங்க வைக்க வழி உண்டா? இடதுபக்கம் முந்துவது சட்டப்படி தவறா? யாரிடம் புகார் செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்

பதில் (கனரக வாகன ஓட்டுநர்களுக்கும் கார் ஓட்டுபவர்களுக்கும் நெடுஞ்சாலைப் பயிற்சி அளிப்பவர்):

அன்புள்ள நண்பருக்கு,

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஓட்டிக் கோபம் வராத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால் கோபம் வந்ததற்காக உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. பிரேக் மிதித்த விஷயம் வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி என் கண்ணில் பட்டது. நூறில் வைத்து வலது டிராக்கிலேயே ஒரே சீராகப் போவேன் என்கிறீர்களே, அந்த வரி.

நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக். இடது, ஓட்டுவதற்கு. வலது, முந்துவதற்கு. வேகமாகப் போகிறவனுக்கு வலது, மெதுவாகப் போகிறவனுக்கு இடது என்று நம் ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு பங்கீடு கிடையாது. நூறில் போனாலும் முந்தி முடித்ததும் இடதுக்குத் திரும்பிவிட வேண்டும். எழுபதில் போன அந்தக் கார் உங்களுக்கு எப்படியோ, நூற்றிருபதில் வருகிறவருக்கு நீங்கள் அப்படித்தான். அவர் வேக வரம்பை மீறி வருகிறார் என்பீர்கள். வரட்டும். அவரைத் தடுத்து நிறுத்தும் வேலையை உங்களிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர், தான் சீக்கிரம் சாப்பிட்டவர் என்பதற்காக இலையை விட்டு எழுந்திருக்காமல் இருக்க முடியுமா?

இதைச் சொன்னதும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சார், இடது டிராக்ல போகவே முடியாது." பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் லாரிக்காரர்களின் கதையும். லாரி ஏன் வலது டிராக்கை விட்டு இறங்குவதில்லை என்று அவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இடது டிராக்கில் சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று பைக் ஏறும். நிழற்குடை இல்லாத இடத்தில் டவுன் பஸ் நிற்கும். டீக்கடைக்கு எதிரே பாதி டிராக்கை அடைத்துக்கொண்டு இன்னொரு லாரி, அதுவும் இருட்டில் பார்க்கிங் லைட் இல்லாமல். யு-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ராங் சைடில் வரும் மொபெட் வேறு. பாரம் ஏற்றிய வண்டிகள் அதிகம் உருள்வது இடது டிராக்கில் என்பதால் பல இடங்களில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்து, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். முழு லோடோடு போகிற வண்டி ஒரு பைக்குக்காக அறுபதிலிருந்து முப்பதுக்கு இறங்கினால், மறுபடி அறுபதைத் தொட எத்தனை கியர், எவ்வளவு டீசல், எவ்வளவு நேரம்! ஒரு ராத்திரிக்கு அது நாற்பது முறை நடக்கும் என்றால் டிரைவர் என்ன செய்வார்? சாலை நடுவிலுள்ள தடுப்பு, அதாவது மீடியன் ஓரமாக ஏறிக்கொள்வார். அது தவறுதான். ஆனால் உங்களை வெறுப்பேற்றுவதற்காகச் செய்கிற தவறு அல்ல.

இன்னொன்று. 2015 அக்டோபருக்குப் பிறகு வந்த லாரிகளிலும் பஸ்களிலும் 80 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 80-ல் போகிற லாரி 75-ல் போகிற லாரியை முந்துகிறது. இரண்டின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடம் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 65 மீட்டரை அது கூடுதலாகக் கடந்தாக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அதற்கு முக்கால் நிமிடம் ஆகும். அந்த முக்கால் நிமிடத்தில் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். பின்னால் இருக்கும் உங்களுக்கு அது ஒரு யுகம். அவர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டுதான் இருப்பார். நீங்கள் ஹார்னை எவ்வளவு அழுத்தினாலும் 81 வராது.

கார்க்காரர்கள் விஷயத்தில் எனக்கு இந்த அளவு இரக்கம் இல்லை. வலது டிராக்கில் எழுபதில் ஊர்கிறவர்களில் ஒரு சாராருக்கு இடது டிராக் என்றாலே பயம். மீடியன் பக்கம் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்ற நினைப்பு. மறு சாரார் கண்ணாடியையே பார்ப்பதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நம் ஊரில் லைசென்ஸ் வாங்க எட்டுப் போட வேண்டும், கொஞ்ச தூரம் ஓட்டிக்காட்ட வேண்டும், ரிவர்ஸ் எடுக்க வேண்டும். எண்பதில் போகும்போது டிராக் மாறுவது எப்படி, பின்னால் வருகிறவனின் வேகத்தைக் கண்ணாடியில் கணிப்பது எப்படி என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை. பெரும்பாலான டிரைவிங் ஸ்கூல்களும் சொல்லித்தருவதில்லை. தெருவில் கற்றுக்கொண்டதை வைத்து நான்குவழிச் சாலையில் ஏறுகிறோம். நீங்களும் அப்படி ஏறியவர்தான் என்று நினைக்கிறேன்.

மீடியன் பக்கம் பத்திரம் என்ற நம்பிக்கையும் தப்பு. நடுவில் அரளியை வளர்த்திருப்பது எதிர்ப்பக்க ஹெட்லைட் வெளிச்சம் உங்கள் கண்ணில் அடிக்காமல் மறைக்கத்தான். அதே செடி, சாலையைக் கடக்க நிற்கிற ஆளையும் மறைக்கும், மாட்டையும் மறைக்கும். செடிக்குள்ளிருந்து ஒருவர் காலெடுத்து வைத்தால் அவருடைய முதல் அடி விழுவது வலது டிராக்கில்தான். அதில் நூறில் வருகிறவருக்கு யோசிக்கவே நேரமிருக்காது.

இனி உங்கள் கேள்விகள்.

ஒதுங்க வைக்க வழி உண்டு. ஆனால் நீங்கள் இப்போது செய்வது அந்த வழி இல்லை. வால் பிடித்த மாதிரி ஒட்டிப் போய் விடாமல் ஹைபீம் அடிப்பதாக ஊகிக்கிறேன். லாரிக்கு ஒட்டிப் பின்னால் போனால் அதன் எந்தக் கண்ணாடியிலும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். தெரியாத ஆளுக்கு யார் சைடு கொடுப்பார்கள்? பின்வாங்குங்கள். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தையோ போர்டையோ கடந்த பிறகு, அதே இடத்துக்கு நீங்கள் வர மூன்று விநாடி ஆக வேண்டும். 80-ல் அது 65 மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு இடைவெளி விட்டால் எவனாவது நடுவில் நுழைந்துவிடுவான் என்பீர்கள். நுழைவான். இன்னும் கொஞ்சம் பின்வாங்குங்கள். வலது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, டிராக்கின் வலது ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்து லாரியின் வலது கண்ணாடியில் உங்கள் முகம் காட்டுங்கள். ஒரு முறை லைட், பகலென்றால் கூடவே ஒரு சின்ன ஹார்ன். அவ்வளவுதான். பிறகு காத்திருங்கள். லாரி டிரைவர் முதலில் இடதுபக்கம் பார்க்க வேண்டும், அங்கே இடம் கிடைக்க வேண்டும், பாரத்தோடு வண்டியை நகர்த்த வேண்டும். விநாடிக் கணக்கு அல்ல, அரை நிமிடக் கணக்கு அது. ஒழுங்காகக் கேட்டால் லாரிக்காரர்களில் பெரும்பாலோர் சைடு கொடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். காரில் போகிறவர்கள்தான் கௌரவப் பிரச்சினை ஆக்குகிறார்கள்.

இடதுபக்கம் முந்துவது: பொது விதி வலதுபக்கமாக முந்துவதுதான். முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்ப சைகை காட்டி நடுப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அவரை இடதுபக்கமாகக் கடக்கலாம். நடைமுறையில் விக்கிரவாண்டிக்கும் சமயபுரத்துக்கும் நடுவே எல்லோரும் இடதுபக்கம்தான் ஏறுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் விதியை மட்டும் ஓதிவிட்டுப் போகாமல், ஆளைக் கொல்லும் தருணம் எது என்று சொல்கிறேன்.

நீங்கள் லைட் அடிக்கிறீர்கள். லாரி நகரவில்லை. பொறுமை போய் இடதுபக்கம் நுழைகிறீர்கள். அதே விநாடியில், நீங்கள் கேட்டதற்கு மரியாதை கொடுத்து, லாரி இடதுபக்கம் ஒதுங்குகிறது. டிரைவர் உட்கார்ந்திருப்பது வலதுபக்கம். இடதுபக்கக் கதவை ஒட்டியிருக்கும் சிறிய காரை அவரால் பார்க்கவே முடியாத இடம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் கிளீனர் பையன் தலையை நீட்டிப் பார்த்து வண்டியைத் தட்டுவான். இப்போது பல வண்டிகளில் டிரைவர் தனியாள். ஆகவே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு முறை சைடு கேட்டுவிட்டால் அந்த வண்டியை இடதுபக்கம் முந்தாதீர்கள். கேட்டதை அவர் கொடுக்க ஆரம்பிக்கும் நேரம் எதுவென்று உங்களுக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தார் போட்ட ஓரத்தில் ஏறி முந்துவதை எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். விளக்கில்லாமல் நிற்கிற லாரி காத்திருப்பது அங்கேதான்.

நீங்கள் வலது டிராக்கைப் பயன்படுத்த வேண்டிய முறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முந்திய வண்டி முழுதாக, முன்சக்கரம் வரை, உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்ததும் இண்டிகேட்டர் போட்டு இடதுக்கு வாருங்கள். அடுத்த வண்டியை இருபது விநாடிக்குள் எட்டிவிடுவீர்கள் என்றால் வலதிலேயே இருந்து அதையும் முந்திவிடலாம். பாம்பு மாதிரி நெளிய வேண்டாம். பின்னால் யாராவது வேகமாக வந்தால் மட்டும் இந்தச் சலுகை ரத்து. இடது டிராக்கில் ஊர் வரும் இடங்களில், சர்வீஸ் ரோடு சேரும் இடங்களில் வேகம் குறையும். குறையட்டும்.

பிரேக் மிதித்த விஷயம். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். எழுபது, எண்பதில் போகும் வண்டிக்கு முன்னால் வேண்டுமென்றே பிரேக் அடிப்பது பாடம் புகட்டுவதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு சொல்கிற ஆபத்தான ஓட்டுதல். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள். எண்பதில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது வண்டி. பின்னால் வந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீங்களே எழுதியிருந்தால் கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அந்த ஆளின் பிரேக்கை நம்பித்தான் மகள் உட்கார்ந்திருந்த பின்சீட்டை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தீர்கள். அவருக்குப் பின்னால் ஓர் ஆம்னி பஸ் வந்துகொண்டிருந்ததா என்று பார்த்தீர்களா? எரிச்சல்பட்டதற்கு யாரும் உங்களைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் அந்த இரண்டு விநாடியில் சாலையிலேயே மோசமான டிரைவர் நீங்கள்தான். அடுத்த முறை காரில் ஏறுவதற்கு முன் மகளிடம் அதைச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் மறப்பதில்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையில் அவற்றில் பத்துக்கு ஏழு, அதிவேகம் என்ற தலைப்பில் வருகிறது. அந்தத் தலைப்புக்குள் இந்த மாதிரி எத்தனை ரோஷங்கள் அடங்கியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ரோஷத்துக்கு அறிக்கையில் தனிக் கட்டம் இல்லை.

எதற்காக இந்த ரோஷம் என்றும் ஒரு கணக்குப் பார்க்கலாம். நூறில் போகக்கூடிய நீங்கள் எண்பதில் போகிற வண்டிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டால் இழப்பது எவ்வளவு? ஒரே ஒரு நிமிடம். தாம்பரத்திலிருந்து திருச்சிக்குள் பத்து முறை மாட்டினாலும் பத்து நிமிடம். திண்டிவனத்தில் டீ குடிக்க இறங்கினால் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். முழுத் தூரமும் நூறுக்குப் பதில் தொண்ணூறில் போனாலும் முந்நூறு கிலோமீட்டருக்கு இருபது நிமிடம்தான் வித்தியாசம். நேரம் போகிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நேரமே இல்லை. நம்மை ஒருவன் மதிக்கவில்லை என்ற எண்ணம்தான் உறுத்துகிறது. முன்னால் போகிறவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

நேரத்தை உண்மையிலேயே மிச்சப்படுத்த வேண்டுமென்றால் புறப்படும் நேரத்தை மாற்றுங்கள். நாள் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு, வெள்ளி மாலை, சென்னையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புகிற அதே நேரத்தில் பெருங்களத்தூரிலும் கிளாம்பாக்கத்திலும் ஊர்ந்து, செங்கல்பட்டைத் தாண்டும்போதே உங்கள் பொறுமை தீர்ந்திருக்கும். மிச்ச வழியில் சந்திக்கிறவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் அடி வாங்குகிறார்கள். சாப்பிட்டுத் தூங்கி, சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பாருங்கள். பத்து மணிக்குள் அம்மா வீட்டில் டிபன் சாப்பிடலாம்.

புகார்: தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற உதவி எண் இருக்கிறது. விளக்கில்லாமல் டிராக்கில் நிற்கிற லாரி, சாலையில் மாடு, விபத்து, கழன்று விழுந்த லோடு, இவற்றுக்கெல்லாம் அழையுங்கள். மஞ்சள் தலை கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் இடம் கண்டுபிடிப்பது சுலபம். தாறுமாறாக ஓட்டி உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிறவரைப் பற்றி 112-க்குச் சொல்லலாம். டிராக் மாறாத காரைப் பற்றிப் புகார் செய்து பலன் எதிர்பார்க்காதீர்கள். விதிமீறல்தான், ஆனால் யாரும் பிடிப்பதில்லை என்பதே இன்றைய நிலை. காருக்குள்ளிருந்து சாலையைப் படம்பிடிக்கும் டாஷ்கேம் கேமரா ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். விபத்து என்று வந்தால் சாட்சி. அதைவிடப் பெரிய பயன், நாம் ஓட்டியதை நாமே வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டிக்கொண்டே போனில் வீடியோ எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அதுவும் அதே 184-க்குள் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மனைவிக்கு லைசென்ஸ் இருந்தும் ஹைவேயில் கொடுப்பதில்லை என்கிறீர்கள். அவர் ஓட்டுவார் என்றால், போக்குவரத்து குறைவாக இருக்கும் காலை நேரத்தில், விக்கிரவாண்டி டோல்கேட்டிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் அவரிடம் கொடுங்கள். சாலையோரம் நிறுத்தி இடம் மாறாதீர்கள். டோல்கேட் தாண்டி வண்டிகள் ஒதுங்கி நிற்கும் இடத்திலோ ஒரு ஹோட்டல் வளாகத்துக்குள் போயோ மாறிக்கொள்ளுங்கள். இடது சீட்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே இருக்கிறது, யார் ஏன் எந்த டிராக்கில் போகிறார்கள் என்று சும்மா பாருங்கள். நடுவில் "சைடு கேளு", "ஏன் மெதுவா போற" என்று ஆரம்பித்தீர்களானால் அவர் அடுத்த டோல்கேட்டில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுத்தால் நியாயம் அவர் பக்கம்தான்.